உடும்பு, ளப்பு, வரல்: அரபு நிலத்து விலங்கொன்று தமிழில் பெற்ற பெயரின் வரலாறு

உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டில் இயற்றிய சீறாப்புராணத்தில் 'உடும்பு பேசிய படலம்' என்று ஒரு படலம் உண்டு. பாலைவாழ் அரபி ஒருவன் தான் வேட்டையில் பிடித்த விலங்கை நபிகள் நாயகத்தின் முன் கொணர்ந்து இட, அது வாய்திறந்து அவர்தம் தூதுக்குச் சான்று பகர்ந்தது என்பது அதன் கதை. அக்கதையின் அரபு மூலங்களில் அவ்விலங்கின் பெயர் 'ளப்பு'. தமிழ்ப் புலவர் அதை உடும்பு என்றார். அன்று தொட்டு இன்று வரை, மார்க்கச் சொற்பொழிவிலும், நபிமொழிப் பெயர்ப்புகளிலும், துபாய், சார்ஜா, மஸ்கட், தோஹா நகரங்களில் தொழில் செய்யும் தமிழரின் பேச்சிலும் ளப்பு என்றால் உடும்பு என்பதே வழக்கு.

விலங்கியல் நோக்கில் ளப்பு உடும்பன்று. உடும்பு என்று தமிழர் அறிந்த விலங்குக்கு உரிய உறவு அரபு நிலத்திலும் உண்டு. அதன் பெயர் 'வரல்'. இவ்விரண்டையும் அரபு மொழி தொன்றுதொட்டுப் பிரித்தே அறிந்திருக்க, தமிழ் ஏன் ஒன்றாக்கியது, அவ்வாறு ஒன்றாக்கியதனால் விளைந்தது யாது என்பன இக்கட்டுரையின் பொருள். சொல் ஒன்றின் இடமாற்றம் சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயின் அச்சொல்லை நம்பி ஒருவன் உணவைத் தெரிகின்றான்; இன்னொருவன் சிறைக்குப் போகின்றான்.

தமிழ் நிலத்து உடும்பு

தமிழ்நாட்டில் வாழும் உடும்பு ஒரே சிற்றினம். 1802இல் பிரெஞ்சு விலங்கியலார் தோதேன் அதற்குத் தந்த பெயரின் வழியே அது இன்று வரானஸ் பெங்காலென்சிஸ் எனப்படுகின்றது. வங்கத்தின் பெயரைத் தாங்கினும் ஈரானின் தென்கிழக்கு எல்லையிலிருந்து இலங்கை வரை பரவி வாழ்வது. முழு வளர்ச்சி பெற்றது வால் நுனி வரை ஐந்தடியைக் கடக்கும். உடலின் பாதிக்கு மேல் வாலே. அவ்வால் பக்கவாட்டில் தட்டையாக அமைந்து சாட்டையாகவும் பயன்படும். பிளவுண்ட நீள்நாக்கை ஓயாது வெளியே நீட்டி, காற்றிலும் மண்ணிலும் உள்ள மணத்துகள்களை வாய்க்கூரையின் உணர்வுறுப்புக்குக் கொண்டு சேர்த்து இரை தேடும். இவ்வகையில் அது பல்லியை விடப் பாம்பையே ஒத்தது. வண்டு, தேள், நண்டு, தவளை, பறவை முட்டை, எலி, செத்த விலங்கின் ஊன் என அதன் உணவு விரிந்தது. பகலில் மட்டும் இயங்கும்.

சங்க நூல்களில் இவ்விலங்கைப் பற்றிய குறிப்புகள் ஏட்டுக்கல்வியால் வந்தவை அல்ல. புறநானூற்று 68ஆம் பாட்டில் கோவூர்கிழார் பசித்த பாணனின் விலா எலும்புகளுக்குத் தோலுரித்த உடும்பை உவமை காட்டுகின்றார். உரித்த உடும்பின் நெருங்கிய விலா வரிசையைக் கண்ணால் கண்டவருக்கே அவ்வுவமை தோன்றும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில் பாணர் பெறும் விருந்தில் நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல் இடம் பெறுகின்றது; அவ்வுடும்பின் வயிற்றிலுள்ள முட்டைகள் மணிக்கோவைக்கு ஒப்பிடப்படுகின்றன. புறநானூறு 326 உடும்பின் கொழுப்பிட்ட தயிர்க்கூழைச் சொல்கின்றது. நற்றிணை 59இல் வேட்டுவன் ஒருநாளில் திரட்டியவை உடும்பு, நுணல், புற்றீசல், முயல் ஆகியவை.

இந்த நற்றிணைப் பட்டியலில் உடும்பும் புற்றும் அடுத்தடுத்து வருவது நின்று நோக்கத்தக்கது. அமெரிக்க விலங்கியலார் வால்டர் ஆஃபன்பெர்க் இவ்வுடும்பைப் பற்றி எழுதி 1994இல் வெளிவந்த பெருநூலில், பெண் உடும்பு கறையான் புற்றைத் தோண்டி முட்டையிடும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். புற்றின் உட்புறம் வெப்பமும் ஈரமும் மாறாதது. முட்டைக்கு அதனினும் நல்ல கருவறை புன்செய் நிலத்தில் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த திருமாகறல் கோயிலின் தலவரலாறும் இதையே வேறு மொழியில் சொல்கின்றது: பொன்னிற உடும்பொன்றைச் சோழ அரசன் துரத்த, அது புற்றுக்குள் மறைந்தது, அங்கே வெளிப்பட்ட இலிங்கம் உடும்பின் வால் வடிவில் அமைந்தது என்பர். கதையின் வரலாற்று மதிப்பு எதுவாயினும், துரத்தப்பட்ட உடும்பு எங்கே போகும் என்பதைக் கதை சொன்னவர் அறிந்திருந்தார்.

உடும்புப்பிடி என்னும் வழக்கும் உடலமைப்பில் வேர்கொண்டது. வளைந்த கூர்நகங்களால் மரப்பட்டையையும் பாறை இடுக்கையும் பற்றுவதோடு, இடுக்கில் புகுந்தபின் உடும்பு காற்றை உள்ளிழுத்து உடலைப் புடைக்கச் செய்யும். அதன்பின் வாலைப் பிடித்து இழுப்பவன் கை தான் ஓயும். "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்னும் பழமொழி அவ்விழுப்பறியின் மறுபக்கத்தைக் காட்டுவது. கோட்டைச் சுவரில் உடும்பை ஏற்றி அதன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து ஏறினர் என்னும் கதை மராட்டியத்தில் 1670ஆம் ஆண்டுச் சிம்மகடப் போரோடு இணைத்துச் சொல்லப்படுகின்றது. முழு மனிதனின் எடையைத் தாங்கும் அளவுக்கு அப்பிடி வலிது என்று நம்புவதற்குச் சான்றில்லை, கதையாகவே கொள்ளத்தக்கது.

மற்றோர் இயல்பு அண்மைக் காலத்தில்தான் விளங்கியது. பல்லியினங்கள் ஓடும்போது உடல் பக்கவாட்டில் வளைந்து நெளிவதால் நுரையீரலை நன்கு நிரப்ப இயலாது. ஆகவே சிறிது ஓடி நின்று மூச்சு வாங்கும். உடும்பினம் அவ்வாறு நிற்பதில்லை. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க உடும்புச் சிற்றினம் ஒன்று தொண்டையைத் துருத்திபோல் இயக்கி ஓட்டத்தின் நடுவிலேயே காற்றை உள்ளே தள்ளுவதைக் காட்டியது. உடும்பின் கழுத்து விம்முவதைச் சினத்தின் அடையாளமாகக் கருதிய வேட்டைக்காரர் பாதி உண்மையையே கண்டனர்.

அரபு நிலத்து இரண்டு

அரேபியத் தீபகற்பத்தின் ளப்பு ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியற்பெயர் யூரோமாஸ்டிக்ஸ் ஈஜிப்டியா. ஐக்கிய அரபு அமீரகத்திலும் ஓமானின் வடபகுதியிலும் வாழ்வது அதன் தனிப்பிரிவு என 2000இல் வில்ம்ஸ், பொமே ஆகியோர் வரையறுத்து, லெப்டியெனி எனப் பெயரிட்டனர். தடித்துப் பருத்த உடல், உருண்ட தலை, முள்வளையங்கள் அடுக்கிய வால். அவ்வாலின் முடிச்சுகளை எண்ணி வியந்த அரபிகள், சிக்கலான செய்தியை 'ளப்பின் வாலினும் முடிச்சு மிகுந்தது' என்பர். வளர்ந்த ளப்பு பெரும்பாலும் இலை, பூ, விதை ஆகியவற்றையே உண்ணும். நீர் பருகத் தேவையின்றித் தாவரச் சாற்றால் வாழும். உடலில் மிகும் உப்பை மூக்கிலுள்ள சுரப்பி வழியே வெளியேற்றும். குளிர்ந்த காலையில் கருநிறமாகக் கிடந்து வெப்பத்தை வாங்கும். உச்சிப்பொழுதில் வெளிறிய மஞ்சளாக மாறும். கெட்டி நிலத்தில் ஆழமாக வளை தோண்டி, பகைவர் வந்தால் தலையை உள்ளே வைத்து முள்வாலை வாயிலில் வீசும். உடும்பைப் போலவே உடலைப் புடைத்து வளைக்குள் இறுகிக்கொள்ளும்.

வரல் எனப்படும் பாலை உடும்பு இதனின் வேறானது. 1803இல் தோதேன் பெயரிட்ட வரானஸ் கிரிசியஸ் அது. வட ஆப்பிரிக்காவிலிருந்து நடு ஆசியா வழியே இராசத்தான் வரை பரவியது. தமிழ் நிலத்தை எட்டவில்லை. மணல்நிற உடலில் கரும்பட்டைகள் குறுக்கே ஓடும். நீரிலும் மரத்திலும் இயங்க வேண்டாத காரணத்தால் வால் ஏறத்தாழ உருளை வடிவானது. குளிர் மாதங்களை வளைக்குள் உறங்கிக் கழித்து, வேனிலில் மணற்குன்றுகளிடையே நெடுந்தொலைவு அலைந்து வண்டு, எலி, பாம்பு, பிற பல்லியினம் ஆகியவற்றை வேட்டையாடும். அகப்பட்டால் சீறும், வாலால் அடிக்கும், கடித்தால் விடாது. ஓணான் கால்வழியும் உடும்புக் கால்வழியும் டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே பிரிந்தவை. ஆகவே உறவுமுறையில் ளப்பு நம் வேலியோரத்து ஓணானுக்கு நெருங்கியது, உடும்புக்கு அன்று.

இவ்விரண்டின் வேற்றுமையை அரபு அறிஞர் விரிவாக எழுதினர். வளைகுடாவின் தலைப்பில் அமைந்த பஸ்ராவில் வாழ்ந்து 9ஆம் நூற்றாண்டில் மறைந்த அல்ஜாஹிள் தம் விலங்கு நூலில் ளப்பைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதியதோடு, வரலுக்கும் அதற்கும் உள்ள பகையையும் குறிக்கின்றார். 1405இல் மறைந்த எகிப்திய அறிஞர் அத்தமீரி தம் விலங்கு அகராதியில் இரண்டுக்கும் தனித்தனித் தலைப்புகள் வைத்தார். பிறர் தோண்டிய வளையைப் பறித்துக் குடியேறும் என்ற எண்ணத்தால் 'வரலினும் அநியாயக்காரன்' என்ற மரபுத்தொடரும் எழுந்தது.

உணவாக வழங்கியது பெரும்பாலும் ளப்பே. சவூதி அரேபியாவின் அல்யமாமாப் பாலைச்சோலையில் நடந்த அகழாய்வில் கிடைத்த ளப்பு எலும்புகள் நூற்றுக்கு மேல். அவற்றை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டவர்கள், இஸ்லாம் தோன்றியபின்னும் அவ்வுணவு வழக்கு நீடித்ததைக் காட்டினர். புகாரி தொகுத்த நபிமொழிகளில் வரும் செய்தி பலரும் அறிந்தது. நஜ்திலிருந்து வந்த, சுட்ட ளப்பு உணவு விரிப்பில் வைக்கப்பட்டபோது நபிகள் கையை எடுத்துக்கொண்டார். விலக்கப்பட்டதா என்ற கேள்விக்கு இல்லை என்றும், தம் மக்களின் நிலத்தில் அது காணப்படாததால் மனம் ஒப்பவில்லை என்றும் விடையிறுத்தார். அருகிருந்த காலித் இப்னுல் வலீத் அதை உண்டார். சட்ட நுட்பத்தை ஒதுக்கிவிட்டு நோக்கினும் இச்செய்தி ஒரு விலங்குப் புவியியல் குறிப்பு. நஜ்தின் கெட்டிச் சமவெளிக்கு உரியதை மக்காவின் வணிகக்குடி உண்டு பழகவில்லை. பாரசீகர் அரபிகளை எள்ள விரும்பியபோது ஒட்டகப்பாலோடு இவ்வுணவையும் சேர்த்தே குறித்தனர். பிர்தௌசியின் ஷாநாமாவில் அந்த ஏளனம் இடம் பெற்றுள்ளது. தமிழ் நிலத்தில் உடும்பூன் எயினர்க்கு உரியதாகப் பாடப்படினும் அங்கே ஏளனம் இல்லை, விருந்து உண்டு. இவ்வேறுபாடு தனியே ஆராயத்தக்கது.

பெயர் பிறழ்ந்த பிற மொழிகள்

ஒரு நிலத்து விலங்கின் பெயரை மற்றொரு நிலத்து விலங்குக்கு ஏற்றும் பிழை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் சென்னை மாகாணத்து உடும்பை 'குவானா' என்றனர். அமெரிக்கக் கண்டத்து இகுவானாவின் திரிபு அது. யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்னும் சொற்களஞ்சியம், இச்சொல்லும் விலங்கும் இந்தியாவுக்கு உரியன அல்ல என்று எச்சரித்தபின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. அச்சொல்லே ஆஸ்திரேலியாவில் 'கோவானா' ஆகி அங்குள்ள உடும்புகள் அனைத்துக்கும் நிலைத்துவிட்டது.

அறிவியற்பெயரிலும் ஒரு பிறழ்ச்சி உறைந்துள்ளது. உடும்புப் பேரினத்துக்கு 1820இல் மெர்ரெம் சூட்டிய வரானஸ் என்னும் பெயர் அரபியின் வரல் என்பதன் திரிபிலிருந்து வந்தது. அத்திரிபின் ஒலியை ஜெர்மானிய மொழியில் எச்சரித்தலைக் குறிக்கும் சொல்லோடு மயங்கியதாலேயே இலத்தீனில் 'எச்சரிப்பவன்' எனப் பொருள்படும் மானிட்டர் என்ற பெயர் தோன்றியது எனச் சொற்பிறப்பாளர் கருதுவர். முதலை வருவதை உடும்பு முன்னறிவிக்கும் என்னும் கதை அப்பெயருக்குத் துணை நின்றது. எவ்வாறாயினும், 1912இல் ஓவென்ஸ் அறிமுகப்படுத்திய, மூன்று மீட்டர் வரை வளரும் இந்தோனேசியாவின் கொமோடோ பேருடும்பு முதல் நம் ஊர்ப் புற்றுடும்பு வரை அனைத்தும் இன்று ஓர் அரபுச் சொல்லின் கீழ் அடங்கியுள்ளன. 1989இல் ஏமனின் உடும்பு புதுச் சிற்றினமாக அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சிப் படமொன்றில் அதைக் கண்டே ஜெர்மானிய அறிஞர் பொமே அதன் தேடலைத் தொடங்கினார் என்பது அத்துறையில் விரும்பிச் சொல்லப்படும் செய்தி.

இதற்கு மாறான சான்று இலங்கையில் உண்டு. அங்கே நிலத்துடும்பும், அதனினும் பெரிய நீருடும்பும் அடுத்தடுத்து வாழ்கின்றன. சிங்களம் முன்னதைத் தலகொயா என்றும் பின்னதைக் கபரகொயா என்றும் பிரித்தது. 'கொயா' வடமொழியின் 'கோதா' என்பதன் வழிவந்தது. கண்டியில் நெடுங்காலம் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இவ்விரு பெயர்களையும் பதிவு செய்து, ஒன்று உண்ணப்படுவது, மற்றது உண்ணப்படாதது என்கின்றார். ஒருங்கு வாழும் இரண்டில் ஒன்று சட்டிக்குப் போவதாயின் மொழி இரு பெயர் தரத் தவறுவதில்லை. அரபு ளப்பையும் வரலையும் பிரித்ததும் இக்காரணத்தால் ஆகலாம். தமிழ்நாட்டில் இருந்தது ஒன்றே, பெயரும் ஒன்றே.

உமறுப் புலவரின் தெரிவு

தமிழருக்கும் அரபு நிலத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. ஓமானின் கோர் ரோரியில் கண்டெடுக்கப்பட்ட பானையோட்டில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஓர் ஆள்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அது ணந்தை கீரன் என்று படிக்கப்பட்டது. காயல்பட்டினமும் கீழக்கரையும் அரபுக் குதிரை வணிகத்தின் துறைகளாய் விளங்கின. ஆயினும் துறைமுகத் தொடர்பு வேறு, உள்நாட்டு அறிவு வேறு. கரையில் இறங்கிச் சரக்கு மாற்றித் திரும்பும் வணிகன் நஜ்தின் சமவெளியில் ளப்பின் வளையைக் காண வாய்ப்பில்லை. உமறுப் புலவருக்குக் கிடைத்தது சொல், விலங்கன்று.

அவர்முன் வழிகள் சில இருந்தன. அரபுச் சொல்லையே எடுத்தாண்டிருக்கலாம். ஈமான், கலிமா போன்றவற்றைத் தயங்காது கையாண்டவர் அவர். இங்கே இலக்கணத் தடையொன்று உண்டு: அரபியின் அந்த ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் ளகரத்தால் எழுதுவர், ளகரமோ தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆயின் இத்தடை மட்டுமே காரணமாகாது. சமயக் கலைச்சொல்லைக் கேட்பவன் விளங்கிக்கொண்டால் போதும். விலங்கைக் கேட்பவன் மனக்கண்ணில் காண வேண்டும். அரபு நாட்டை மழை பெய்து ஆறு பாயும் தமிழ்த் திணை நிலமாகவே பாடிய புலவர், அந்நிலத்தின் வேட்டுவன் கையில் தமிழ் வேட்டுவன் கையிலுள்ளதையே வைத்தார். வேட்டைப் பொருள், வளையில் வாழ்வது, இழுத்தாலும் வராதது, ஏழை எளியோர் உணவு: இத்தனைப் பொருத்தமும் உடைய வேறு தமிழ்ப் பெயர் இல்லை. ஓணான் என்றிருந்தால் விலங்கியல் வென்றிருக்கும், காப்பியம் தோற்றிருக்கும். வேலியில் தலையாட்டும் ஓணானின் வாயில் சான்றுரையை வைக்க எந்தத் தமிழ்ப் புலவரும் துணியார்.

ஒன்று மட்டும் இடறுகின்றது. அரபுக் கதையில் அவ்வேட்டுவன் ளப்பைத் தன் அங்கியின் கைப்பகுதிக்குள் மறைத்துக் கொணர்கின்றான். இலையுண்ணும், மெதுவான ளப்பை அவ்வாறு கொணரலாம். உடும்பைச் சட்டைக்குள் வைத்து நடப்பவன் நெடுந்தூரம் நடக்கமாட்டான்.

சொல்லின் விலை

காப்பியத்தில் இப்பெயர் மாற்றம் குற்றமன்று. அது உரைநடைக்கும் சட்டத்துக்கும் இறங்கியபோதே சிக்கல் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டில் நபிமொழித் தொகுப்புகள் தமிழில் பெயர்க்கப்பட்டபோது ளப்பு வந்த இடமெல்லாம் உடும்பு என்றே வந்தது. ஷாபி நெறியினர் ளப்பை உண்ணத்தக்கது என்பர். ஹனபி நெறியினர் வெறுக்கத்தக்கது என்பர். இவ்விரு நெறியினரும் தமிழகத்தில் உளர். ஆனால் தமிழில் அவர்கள் வாதிட்டது தமிழக உடும்பைப் பற்றியதாயிற்று. பாம்பையும் பிணத்தையும் தின்னும் விலங்குக்கும் தழையுண்ணும் விலங்குக்கும் ஒரே தீர்ப்பு பொருந்துமா என்பது அரபு நூல்களில் தனி வினா. வரலைப் பற்றி அங்கே கருத்து வேறுபாடு உண்டு. தமிழில் அவ்வினா எழவே வழியில்லாது போயிற்று. பெயர்ப்பு விடையை மாற்றவில்லை, கேள்வியை அழித்தது.

மறுபுறம், இந்திய மண்ணில் உடும்பின் நிலை மாறிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கருநாடக இசை மேடையில் நிலைநிறுத்திய கஞ்சிராவுக்கு உடும்புத்தோலே உகந்தது. நீர் தடவியபின் அத்தோல் தரும் தாழ்ந்த, குழையும் ஒலியை ஆட்டுத்தோலில் பெறுவது அரிது என்பர் வாசிப்போர். இசைக்குத் தேவைப்பட்டது சில தோல்களே. ஊர்வன தோலின் ஏற்றுமதி வணிகமோ இலட்சக்கணக்கில் கொன்றது. 1972இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்திய உடும்பினங்கள் அனைத்தும் இன்று முதல் அட்டவணையில் உள்ளன. வங்க உடும்பும் பாலை உடும்பும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதல் பின்னிணைப்பில் உள்ளன. தோல் வணிகம் நின்றதால் தொழில் இழந்த இருளர்கள் 1978இல் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து நஞ்செடுக்கும் தொழிலுக்கு மாறினர். கஞ்சிராவும் ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறி வருகின்றது. கள்ள வணிகம் பெயர் மாற்றிப் பிழைக்கின்றது: 'ஹத்தா ஜோடி' என்று மந்திர வேராக விற்கப்பட்டது உண்மையில் ஆண் உடும்பின் உலர்ந்த குறி என்பது 2017இல் அம்பலமாயிற்று.

இவ்விரு வரலாறுகளும் சந்திக்கும் இடம் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும் தொழிலாளி. பாலையில் வார இறுதி வேட்டைக்குப் போகும் உள்நாட்டார் ளப்பைச் சுடுவதை அவன் கண்டிருப்பான், சிலவேளை உண்டுமிருப்பான். அவனுக்குத் தெரிந்த ஒரே சொல்லில் அது உடும்பு. அங்கே உண்டது இங்கே குற்றமாவது எப்படி என்னும் அவன் வியப்பு நேர்மையானது. முதல் அட்டவணை விலங்கைக் கொல்வோருக்கு 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையைச் சட்டம் விதிக்கின்றது. அவ்வியப்பு அங்கே சான்றாகாது.

அங்கேயும் ளப்பு தடையற்ற வேட்டைப்பொருள் அன்று. யூரோமாஸ்டிக்ஸ் இனம் முழுதும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. ஐக்கிய அரபு அமீரகம் அவ்வொப்பந்தத்தில் 1974இல் இணைந்து, 1988இல் விலகி, 1990இல் மீண்டும் சேர்ந்த நாடு. அதன் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கான 1999ஆம் ஆண்டின் 24ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் காட்டுயிர் வேட்டையைக் கட்டுப்படுத்துகின்றது. நான்கு சக்கர இயக்க வண்டிகள் வந்தபின் ளப்பின் வளையை எட்டுவது எளிதாயிற்று; வளைத்திடல்களின் மேலேயே சாலையும் குடியிருப்பும் எழுந்தன. 1977இல் தொடங்கிய அமீரக இயற்கை வரலாற்றுக் குழுவினர் இம்மாற்றங்களைப் பதிவு செய்து வருகின்றனர். அவர்தம் இதழின் பெயர் 'டிரிபியூலஸ்'. தமிழர் நெருஞ்சி என்று அறிந்த செடியினத்தின் பெயர் அது. நெருஞ்சிக்கு இரு நிலத்திலும் உறவு உண்டு, தமிழில் பெயரும் உண்டு. ளப்புக்குத்தான் பெயரில்லை.

அண்மைத் தமிழ் உயிரியல் எழுத்துகளில் 'முள்வால் பல்லி' என்னும் ஆக்கம் தலைகாட்டுகின்றது. 'முள்வால் ஓணான்' என்பது குடும்ப உறவையும் சுட்டுவதால் அதனினும் செம்மையானது. வரலுக்குப் 'பாலை உடும்பு' பொருந்தும். ஆனால் அச்சில் உள்ள நபிமொழிப் பெயர்ப்புகளிலும் சீறாப்புராண உரைகளிலும் ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பதே உடனடித் தேவை. படலத்தின் பெயரை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. அரபு விலங்கு நூல்களைத் தமிழாக்க முனைவோருக்கு இத்தெளிவு இன்றியமையாதது. வரல் ளப்பின் வளைக்குள் புகுந்து அதன் குட்டியைத் தின்று அவ்வளையிலேயே குடியேறும் என்று அரபு நூல் சொல்வதை நடப்பு வழக்கில் தமிழாக்கினால், உடும்பு உடும்பின் வளைக்குள் புகுந்து உடும்பைத் தின்று அங்கேயே தங்கும் என்றே எழுத வேண்டியிருக்கும்.